லட்ச ரூபாய்க்கு டேக் வாங்கும் முன்

நல்ல ஸ்பீக்கர் வந்தாச்சு, ஆம்ப் வந்தாச்சு, அடுத்து ஒரு ஹை எண்ட் டேக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி) வாங்க வேண்டும், எது நல்லது? குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் கூடிவிட்ட பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ஏதோ ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரியாமல் வாங்கப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் வேதம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடன்படாதவர்கள் அப்புறம் சண்டை போடலாம்: ஒரு விலையைத் தாண்டிவிட்டால் டேக்குக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காதுக்கு வந்து சேர்வதில்லை, வசதிக்கும் பெட்டியின் அழகுக்கும் போகிறது. அந்த வசதிகளில் ஒன்றிரண்டு, மலையில் குடியிருப்பவருக்கு நிஜமாகவே காசு கொடுக்கத் தகுந்தவை.

பாட்டு ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண்கள். சிடி தரம் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 அளவுகளில் ஏதோ ஒன்று. ஸ்பீக்கரின் கூம்பை எண் அசைக்காது, மின்னழுத்தம்தான் அசைக்கும். எண்ணை வாங்கி அதற்கேற்ற மின்னழுத்தமாக மாற்றித் தருவது டேக். அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுவது ஆம்ப். போனில், டிவியில், ப்ளூடூத் ஸ்பீக்கரில், பழைய சிடி ப்ளேயரில், எல்லாவற்றிலும் ஒரு டேக் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பேசப்போவது அந்த வேலையை மட்டும் தனியாகச் செய்யும் பெட்டியைப் பற்றி.

இங்கே ஒரு தவறான படத்தை மனதிலிருந்து அழித்துவிட வேண்டும். விளம்பரங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு மாதிரி வரைந்து, பக்கத்தில் ஹை ரெஸ் (சிடியைவிடக் கூடுதல் எண்கள், கூடுதல் பிட்டுகள் கொண்ட ஃபைல்) என்று இன்னும் சின்னப் படிகளாக வரைந்து காட்டுவார்கள். டேக்கிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு கிடையாது. எண்களை மின்னழுத்தமாக மாற்றிய பிறகு ஒரு ஃபில்டர் வழியாகப் போகிறது, அந்த ஃபில்டரைத் தாண்டி வருவது வழவழப்பான அலை. சாம்ப்ளிங் வேகத்தில் (நொடிக்கு எத்தனை எண்கள் என்பதில்) பாதிக்கும் கீழே உள்ள ஒலிகள் மட்டுமே இருக்கும் சிக்னலை அந்த எண்களிலிருந்து முழுசாகத் திரும்பப் பெறலாம் என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தொடங்கி வைத்து, க்ளாட் ஷானன் 1949இல் முறையாக எழுதிய கணக்கு. 44,100இல் பாதி 22,050. மனிதக் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதுவும் இளம் வயதில். நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு 15,000க்கு மேல் கேட்பதே சிரமம். அப்படியென்றால் 1982இல் வந்த சிடியே நம் காதுக்கு வேண்டிய அகலத்தைத் தந்துவிட்டது.

பிட் என்ன செய்கிறது? அது பின்னணி இரைச்சல் எவ்வளவு கீழே இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 16 பிட்டுக்கு உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி. 24 பிட்டுக்குக் காகிதத்தில் 144, ஆனால் மின்தடைகளுக்குள் வெப்பத்தாலேயே ஒரு சின்ன இரைச்சல் எப்போதும் இருப்பதால் எந்தப் பெட்டியும் அதைத் தொடுவதில்லை; மிகச் சிறந்த டேக்குகள் 120, 130 டெசிபலுக்கு நடுவில் நிற்கின்றன. பெட்டியின் மேல் 32 பிட் என்று அச்சடித்திருந்தால் பேசாமல் அடுத்த வரியைப் படியுங்கள்.

இதை வீட்டோடு சேர்த்துப் பாருங்கள். கோத்தகிரியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் வீட்டில், காற்று இல்லாத ராத்திரியில், அறையின் சத்தம் 25, 30 டெசிபல் இருக்கும். பாட்டின் உச்சத்தை 100 டெசிபலுக்கு வைத்தால் (அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள்) உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 70, 75 தான். சிடியின் 96க்கே இடம் போதவில்லை. ஜூலை மாதம் தேவாலா, கூடலூர் பக்கம் தகர ஷீட் கூரை மேல் மழை கொட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் பேசவே வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை பிரபலம். உயர் ரெசல்யூஷன் டிஸ்க்கை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். எது எது என்று சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதித் தடவை, நாணயம் சுண்டிச் சொன்ன மாதிரி. அந்தச் சோதனையில் குறை சொன்னவர்களும் உண்டு. அதன் பிறகு 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சரியான பதில் 52 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வித்தியாசம் கேட்கவே முடியாது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் லட்சங்களைக் கொட்ட வைக்கும் அளவும் அதில் இல்லை.

டேக்கின் உள்ளே இரண்டு வழிகள். பழைய வழி ஆர்2ஆர்: மின்தடைகளை ஏணி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் முந்தையதில் பாதி மதிப்பு வருகிற மாதிரி கட்டுவது. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் 16 பிட் துல்லியம் வேண்டுமென்றால் மேல்படி மின்தடையில் 65,000இல் ஒரு பங்குகூட பிசகக் கூடாது, அப்படிப் பொறுக்கி எடுத்துக் கட்டுவதற்குச் செலவு ஆகும். மற்றது டெல்டா சிக்மா: சில அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மிகமிக வேகமாக மாற்றி, வரும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுவது. இஎஸ்எஸ், ஏகேஎம், சிரஸ் லாஜிக் சிப்புகள் எல்லாம் இந்த வகை, இன்று விற்கும் டேக்குகளில் பெரும்பாலானவையும் இதுதான். டெனாஃப்ரிப்ஸ், ஹோலோ போன்றவர்கள் ஆர்2ஆர் ஏணியைக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கார்ட், டிசிஎஸ் கம்பெனிகள் கடைச் சிப்பை நம்பாமல் சொந்த முறைகளை வைத்திருக்கின்றன.

ஆர்2ஆர் என்றால் இனிமை, டெல்டா சிக்மா என்றால் வறட்சி என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதில் ஒரு பகுதிக்குக் காரணம் இருக்கிறது. ஆர்2ஆர் பெட்டிகள் சிலவற்றில் என்ஓஎஸ் என்று ஒரு நிலை இருக்கும். ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல், அதாவது எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு இன்னும் எண்களைச் சேர்க்காமல் ஓட்டுவது. அப்படி ஓட்டினால் சிடி தரப் பாட்டில் 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும், இது கணிதப்படியே நடப்பது. மேல் சுரம் கொஞ்சம் குறைந்தால் மென்மையாகத் தெரிகிறது. அது பிடித்திருந்தால் தப்பில்லை, ஆம்பில் ட்ரெபிள் திருகை அரை நூல் குறைத்தாலும் அந்தப் பக்கம்தான் போகப் போகிறீர்கள்.

சிப் பெயரைப் பார்த்து வாங்குவதும் இதே கதை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகா ஊரில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து, டேக் செய்கிறவர்கள் எல்லாரும் சிப் கிடைக்காமல் திண்டாடினார்கள். ஜெர்மனியின் ஆர்எம்இ தன் ஏடிஐ-2 டேக்கில் ஏகேஎம் சிப்புக்குப் பதில் இஎஸ்எஸ் சிப்பை வைத்தது, பெட்டியும் பெயரும் மாறவில்லை. சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளை, கடிகாரம், வெளியேறும் அனலாக் பகுதி இவற்றை ஒழுங்காகச் செய்தால் எந்த நல்ல சிப்பும் போதும். ஜிட்டர் என்று பயமுறுத்துவார்கள், அதாவது கடிகாரம் நடுங்குவது. இப்போதைய யுஎஸ்பி டேக்குகள் அநேகமாக எல்லாமே கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்பாமல் தங்கள் கடிகாரத்தில்தான் ஓடுகின்றன, தனியாகக் கடிகாரப் பெட்டி வாங்கத் தேவையில்லை. எம்க்யூஏ (ஹை ரெஸ் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு கம்பெனியின் முறை) லோகோவுக்கும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்பெனி 2023இல் திவால் நிர்வாகத்துக்குப் போய்க் கைமாறியது, அதைப் பயன்படுத்திய பாட்டு ஸ்ட்ரீமிங் சேவையான டைடல்கூட 2024இல் அதை விட்டுவிட்டது.

சரி, விலைக்கு என்ன கிடைக்கிறது? போனில் செருகும் ஆப்பிள் டாங்கிள் ஆயிரம் ரூபாய் அளவில் வருகிறது, அளந்து பார்த்தால் ஹெட்ஃபோனுக்கு அதுவே தாராளம். 10,000 முதல் 20,000 வரை டாப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோ மாதிரிச் சீனப் பெட்டிகள். இவற்றில் பல, இரைச்சலும் சிதைவும் சேர்ந்தே பாட்டுக்கு 110 டெசிபலுக்கும் கீழே இருக்கும்படி செய்யப்பட்டவை. சதவீதத்தில் சொன்னால் 0.0003 பக்கம். உங்கள் ஸ்பீக்கரின் சிதைவு பேஸில் சாதாரணமாக ஒரு சதவீதத்தைத் தொடும். எந்தக் கண்ணி பலவீனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. லட்சத்தைத் தாண்டினால் ஆர்எம்இ, பெஞ்ச்மார்க். அதற்கும் மேலே ஹோலோ, கார்ட். கடைசியில் டிசிஎஸ், எம்எஸ்பி என்று கார் விலைக்குப் போகும்.

அந்த லட்ச ரூபாய் வரிசையில் எனக்கு உருப்படியாகத் தெரிவது சிப் இல்லை, ஈக்யூ, அதாவது வேண்டிய சுரங்களை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி. ஏடிஐ-2 டேக்கில் ஐந்து பேண்ட் பாராமெட்ரிக் ஈக்யூ (எந்தச் சுரம், எவ்வளவு என்று ஐந்து இடங்களில் நாமே வைக்கலாம்) இருக்கிறது. இது ஏன் முக்கியம்? 12 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 3.66 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்து, நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 46, 47 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்தச் சுரத்தில் அறையே சேர்ந்து முழங்கும், 10 டெசிபல் வரைகூட வீங்கும். டேக்குகளுக்குள் உள்ள வித்தியாசம் 0.1 டெசிபல், அறை செய்வது 10. ஊட்டி, குன்னூரில் பழைய பங்களாக்களின் மரத்தரையும் கண்ணாடி ஜன்னலும் இதில் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஈக்யூவில் அந்த ஒரு இடத்தை 6 டெசிபல் இறக்கினால் கிடைக்கும் தெளிவை எந்த விலை டேக்கும் தராது. இதே ஈக்யூவை லேப்டாப்பில் இலவச மென்பொருளிலும் செய்யலாம், ஆனால் டிவி, சிடி ப்ளேயர் எல்லாம் ஒரே பெட்டி வழியாகப் போகிற வீட்டில் அது டேக்குக்குள் இருப்பது சௌகரியம். ரிமோட்டில் வால்யூம், போதுமான இன்புட்டுகள் (டிவிக்கு ஆப்டிகல், சிடி ப்ளேயருக்குக் கோஆக்சியல், கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி), இவையும் தினமும் கை படும் விஷயங்கள்.

இப்போது மலைக்கு வருவோம், ஷோரூமில் யாரும் சொல்லாத பகுதி இதுதான்.

முதலில் எர்த். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி போயிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. புதிதாக யுஎஸ்பி டேக் வைத்து லேப்டாப்பை இணைத்த உடனே ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு ஹம் கேட்டால் டேக்கைத் திட்டாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாட்டரியில் ஓட்டுங்கள். ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப், இரண்டு எர்த் வழிகளுக்கு நடுவே ஓடும் சின்ன மின்னோட்டம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் தாண்டவே வழியில்லை. ஆம்பிலும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் சொருகி) இருந்தால், வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்ட் இணைப்பு இன்னும் நல்லது, அதற்காக விலை கொஞ்சம் கூடக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிலர் எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஹம் போச்சு என்பார்கள். அது உயிரோடு விளையாடுவது, செய்யவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் காட்டினால் டேக்கை விட்டுவிட்டு முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

கரண்ட் அடுத்தது. காற்று மழையில் லைன் மேல் மரம் விழுந்து போன கரண்ட் திரும்பி வரும்போது துள்ளிக்கொண்டு வரும். ஏப்ரல், மே இடி மழையிலும் அக்டோபருக்குப் பிறகும் வெளியூர் போவதாக இருந்தால் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள், கூடவே டிஷ் கேபிளையும் இன்டர்நெட் கேபிளையும், ஏனென்றால் மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவில் ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊர். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஆர்சிஏ பின்கள் (சாதாரண ஆடியோ கேபிளின் முனைகள்) கறுத்துப் போகும், ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்கும். அவ்வப்போது பின்னை ஒரு திருகு திருகிச் செருகினாலே போதும். டேக் வெகு குறைந்த மின்சாரமே எடுக்கும், மழைக்காலத்தில் இடி இல்லாத நாட்களில் அதை அணைக்காமல் விட்டால் அந்தச் சூட்டிலேயே உள்ளே காய்ந்திருக்கும். ராத்திரி குளிரில் காரிலேயே கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து, கணப்பு எரியும் அறையில் உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் கோத்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் சும்மா வையுங்கள்.

கேட்டுப் பார்த்து வாங்கக் கோயம்புத்தூருக்கு இறங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒரு டேக் ஆர்சிஏவில் 2 வோல்ட் தரும், இன்னொன்று எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட். இரண்டு மடங்கு வோல்ட் என்றால் 6 டெசிபல் உரக்கக் கேட்கும், உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே தெரியும். 0.5 டெசிபல் வித்தியாசம்கூட "இதில் விவரம் கூடுதல்" என்று சொல்ல வைத்துவிடும். குன்னூர் ஏலத்துக்குத் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் ஒரே எடை தூள், ஒரே வெந்நீர், ஒரே நேரம் என்று வரிசையாகக் கோப்பைகளை வைத்துத்தான் ருசிப்பார்கள். ஒன்றில் மட்டும் தூள் கூடப் போட்டால் தீர்ப்பு செல்லாது. டேக்குக்கும் அதுதான் முறை. 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு டேக்கும் ஒரு சதவீதத்துக்குள் ஒரே எண்ணைக் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள், அது 0.1 டெசிபல் அளவுக்கு வந்துவிடும். (மலிவு மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது, அதனால்தான் 100.) பிறகு உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்வேன். ஐந்து ஆறு என்றால் அது வெறும் குத்துமதிப்பு.

என்னிடம் இரண்டு லட்சம் இருந்தால் எப்படிச் செலவழிப்பேன் என்று கேட்டால்: டேக்குக்கு 20,000க்குள், அறைக்கு ஒரு கனமான கம்பளமும் திரையும், மிச்சமெல்லாம் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் ஏற்கெனவே நன்றாக அமைந்து, அறையை மாற்ற வழியில்லாத வாடகை வீடு என்றால் மட்டும் ஈக்யூ உள்ள லட்ச ரூபாய்ப் பெட்டிக்குப் போவேன். அதற்கு மேல் வாங்குகிறவர்கள் அலுமினியப் பெட்டிக்கும் பெயருக்கும்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து சந்தோஷமாக வாங்கட்டும், வாட்ச் வாங்குகிறவர்கள் செய்யாததா.

எதை வாங்கினாலும் இந்திய விநியோகஸ்தர் பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்த பெட்டி கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் உங்கள் தலையில். மலையில் இதற்கு சர்வீஸ் சென்டர் கிடையாது, கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் போட வேண்டிவரும், அதனால் அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மகோலையும் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். பில் போடும் முன் வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துத் திருப்பித் தர விடுவார்களா என்று கேளுங்கள். விடாத கடையில் லட்ச ரூபாய்ப் பெட்டி வாங்காதீர்கள்.